அதிகாரத்துவக் கோட்பாடுகள்: வெபரின் பட்டியலுக்குப் பிறகு

கேள்வி சுருக்கமாக இது. நிர்வாகவியல் வகுப்பில் அதிகாரத்துவம் என்று வந்தால் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார்கள். படிநிலை, எழுதிவைத்த விதிகள், வேலைப் பிரிவினை, தகுதி பார்த்து நியமனம், கோப்புகள், ஆள் பார்க்காத நடைமுறை. இதுவே மிகத் திறமையான அமைப்பு என்று அவர் சொன்னதாகவும் பாடத்தில் இருக்கிறது. வெளியே அந்தச் சொல்லைக் கேட்டாலோ இழுத்தடிப்பும் அலைக்கழிப்பும்தான் நினைவுக்கு வருகிறது. அப்படியானால் வெபர் சொன்னது தப்பா? அவருக்குப் பிறகு வந்தவர்கள் என்ன சொன்னார்கள்? இன்று ஒரு நிறுவனத்தை நடத்துகிறவருக்கு இதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பிரயோஜனம் உண்டு. ஆனால் அதைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதை எதிர்த்தும் திருத்தியும் பின்னால் வந்தவர்கள் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் நேரில் போய்ப் பார்த்து எழுதியவற்றில்தான் சரக்கு இருக்கிறது. ஆகவே வெபரைக் கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டு அங்கே போவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாடப்புத்தகங்கள் டெய்லர், ஃபயோல், வெபர் மூவரையும் ஒரே அத்தியாயத்தில் வரிசையாக உட்கார வைக்கின்றன. டெய்லர் உருக்காலையில் வேலை பார்த்த பொறியாளர். ஃபயோல் சுரங்கக் கம்பெனியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். ‘வேலையை எப்படி நடத்துவது’ என்பது அவர்கள் இருவரின் கேள்வி. வெபர் சட்டமும் பொருளாதார வரலாறும் படித்த அறிஞர். அவர் கேட்டது வேறு. ஒருவர் ஆணையிட்டால் இன்னொருவர் ஏன் கீழ்ப்படிகிறார்? வழிவழியாக வந்த வழக்கம் என்பதற்காகக் கீழ்ப்படியலாம், ஒரு தலைவரின் ஆளுமையில் மயங்கிக் கீழ்ப்படியலாம், முறைப்படி இயற்றிய சட்டம் அந்தப் பதவிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்பதற்காகவும் கீழ்ப்படியலாம். மூன்றாவது வகை அதிகாரம் நடைமுறையில் எடுக்கும் உருவம்தான் அதிகாரத்துவம். அவர் இதைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி 1920இல் அவர் இறந்த பிறகே அச்சானது. ஆங்கிலத்தில் 1946, 1947 வாக்கில்தான் பரவலாகக் கிடைத்தது. அதற்குள் டெய்லரும் ஃபயோலும் மேலாண்மைப் பாடத்தில் நிலைத்துவிட்டார்கள். வெபரையும் அவர்களுடைய வரிசையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

‘திறமையானது’ என்று அவர் சொன்னதும் உண்மைதான். எதோடு ஒப்பிட்டுச் சொன்னார் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரி பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், விலகும்போது விற்றுவிட்டும் போகலாம். 1871இல்தான் இதை ஒழித்தார்கள். புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் வரி வசூலிக்கும் உரிமையைத் தனியார் குத்தகைக்கு எடுத்தார்கள். அரசுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டால் மிச்சம் அவர்களுக்கு. அமெரிக்காவில் தேர்தலில் ஜெயித்த கட்சி தன் ஆட்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும். தனக்குத் தூதரகப் பதவி கிடைக்கவில்லை என்ற கோபத்தில் ஒருவன் 1881இல் அதிபர் கார்ஃபீல்டையே சுட்டான். தகுதித் தேர்வை நுழைத்த பென்டில்டன் சட்டம் வந்தது 1883இல். இவற்றை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பதவி உன் சொத்து இல்லை, சம்பளம்தான் உன் வருமானம், அலுவலகப் பணமும் உன் பணமும் வேறு வேறு, முடிவெடுத்தால் எழுதி வை. ஒவ்வொன்றும் ஒரு பழைய கொள்ளைக்குப் போட்ட பூட்டு.

அவர் அதிகாரத்துவத்தின் ரசிகரும் கிடையாது. மனிதர்கள் தாங்களே கட்டிய விதிகளின் கூண்டில் மாட்டிக்கொள்வார்கள் என்று பயந்தார். தகவலை ரகசியம் என்று மூடிவைத்தே அதிகாரிகள் பாராளுமன்றத்தைப் பலமிழக்கச் செய்வார்கள் என்று எச்சரித்தார். அவர் வரைந்தது ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தூய வகைமாதிரி. அதை ‘இப்படி நடத்துங்கள்’ என்ற செய்முறைக் குறிப்பாக வாசித்தது பின்னால் வந்தவர்களின் வேலை.

சரி, விதியை எழுதியாகிவிட்டது. அப்புறம் என்ன நடக்கிறது? இந்தத் துறையின் சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது.

1940இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு கட்டுரை எழுதினார். அவர் காட்டிய உதாரணம் பெர்ன்ட் பால்ச்சென் என்ற விமானி. நார்வேயில் பிறந்தவர். 1929இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பேர்டின் குழு தென்துருவத்தின் மேல் பறந்தபோது விமானத்தை ஓட்டியவர் இவர்தான். அமெரிக்கக் குடிமகனாகும் விருப்பத்தை 1927இலேயே முறைப்படி தெரிவித்திருந்தார். விதிப்படி 5 ஆண்டுகள் தொடர்ந்து நாட்டில் வசித்திருக்க வேண்டும். அண்டார்டிகா பயணத்தில் அவர் நாட்டுக்கு வெளியே இருந்தாராம், அதனால் தகுதி இல்லை என்று துறை சொல்லிவிட்டது. அவர் போனது அமெரிக்கக் கொடி பறந்த கப்பலில், அமெரிக்கப் பயணக்குழுவின் ஆளாக, அமெரிக்கர்கள் உரிமை கொண்டாடிய இடத்துக்கு. விண்ணப்பதாரருக்கு நாட்டோடு பற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த விதி. பற்றுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அதிகாரி கண்ணுக்குப் பட்டது நாள் கணக்கு மட்டும்.

மெர்ட்டன் இந்த அதிகாரியை முட்டாள் என்று திட்டவில்லை. விதியைப் பிசகாமல் கடைப்பிடிப்பவருக்குத்தான் பதவி உயர்வு, ஓய்வூதியம், நல்ல பெயர் எல்லாம். விதியை மீறி நல்லது செய்து ஏதாவது தவறாகப் போனால் தலை உருளும். இப்படிப் பழக்கப்பட்டவருக்குக் காலப்போக்கில் வழியே இலக்காகிவிடுகிறது. அமைப்பு நம்பகமாக இருக்க எது தேவையோ அதே ஒழுங்குதான் அதை விறைப்பாகவும் ஆக்குகிறது. ‘நல்ல ஆட்களைப் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை.

மெர்ட்டனுக்கு முன்பே ராபர்ட் மிஷெல்ஸ் 1911இல் இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டிருந்தார். ஜனநாயகத்துக்காகப் போராடிய ஜெர்மன் சோஷலிசக் கட்சிக்குள்ளேயே எப்படி ஒரு சிறு தலைமைக் கூட்டம் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது என்று காட்டியவர். பெரிய அமைப்பு என்றால் சிலரின் ஆட்சி தவிர்க்க முடியாதது என்பது அவர் முடிவு. கூர்மையான அவதானிப்புதான், ஆனால் ‘இரும்பு விதி’ என்று அவர் அதற்கு வைத்த பெயர் கொஞ்சம் அதிகம்.

என்னைக் கேட்டால் இந்த மொத்தத் துறையிலும் ஒரே ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஆல்வின் கௌல்ட்னரைப் படியுங்கள் என்பேன். ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதை ஒட்டிய ஆலையையும் உன்னிப்பாகக் கவனித்து 1954இல் தன் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டுபிடித்தது எளிமையானது: எல்லா விதியும் ஒரே ஜாதி கிடையாது.

அந்த ஆலையில் புகைபிடிக்கத் தடை இருந்தது. சுவரில் பலகையும் தொங்கியது. எல்லோரும் புகைத்தார்கள், மேற்பார்வையாளர்கள் உட்பட. விதி வந்தது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து. அங்கிருந்து ஆய்வாளர் வருகிறார் என்றால் முன்கூட்டியே செய்தி பரவும், அன்று மட்டும் சிகரெட்டுகள் அணையும். மீறியதற்காக யாரும் யாரையும் கோபிக்கவில்லை. இது பொம்மை விதி. அதே ஆலையில் பாதுகாப்பு விதிகளும் இருந்தன. அவற்றுக்குத் தனிக் கூட்டம், தனிக் காகிதங்கள், நிறைய நேரம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் நடந்தது. காரணம், விபத்தைத் தடுப்பது இரு தரப்புக்கும் வேண்டியிருந்தது. விதியை உருவாக்கியதிலும் இரு தரப்புக்கும் பங்கு இருந்தது. மூன்றாவது, காரணமில்லாமல் வேலைக்கு வராதவர்களைத் தண்டிக்கும் விதி. இது ஒரு தரப்பு மறு தரப்பின் தலையில் கட்டியது. இதில் ஓயாத சண்டை.

‘எங்கள் அலுவலகத்தில் விதிகள் அதிகம்’ என்று புலம்புபவரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எந்த வகை அதிகம்? பொம்மை விதிகள் நூறு இருந்தாலும் பெரிதாக வலிக்காது. தண்டனை விதி இரண்டு இருந்தாலே மூச்சு முட்டும்.

கௌல்ட்னர் சொல்லும் கதையில் ஒரு திருப்பம் உண்டு. பழைய மேலாளர் காலத்தில் சலுகைகள் ஏராளம். ஆலைப் பொருளைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துப் போகலாம். மீன் பிடிக்கப் போகிறேன் என்று கேட்டால் வெடிமருந்துகூடக் கிடைத்ததாகத் தொழிலாளர்கள் நினைவுகூர்ந்தார்கள். புது மேலாளர் வந்ததும் வெடிமருந்து எடுத்த ஒருவரை வேலையை விட்டே அனுப்பினார். தலைமை அலுவலகம் உற்பத்தியை உயர்த்தச் சொல்லி அவரை நெருக்கியது. உள்ளூரில் அவருக்கு நட்பும் கிடையாது, பழைய மேற்பார்வையாளர்களின் விசுவாசமும் கிடையாது. உறவு இல்லாத இடத்தில் விதியைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். விதி இறுகியதும், ‘எவ்வளவு செய்தால் தண்டனை கிடையாது’ என்பது தொழிலாளர்களுக்குத் தெளிவாகிவிட்டது. வேலை அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு இறங்கியது. இறங்கியதும் கண்காணிப்பு கூடியது, கண்காணிப்பு கூடியதும் கசப்பு கூடியது. சுரங்கத்துக்குள் இறங்கி உயிரைப் பணயம் வைத்தவர்கள் மட்டும் புது ஒழுங்குக்குக் கடைசிவரை முழுசாக மசியவில்லை. ஆக, அதிகாரத்துவம் தானாக வளரும் செடி என்ற எண்ணமே இங்கே அடிபட்டுப் போகிறது. நம்பிக்கை போன இடத்தில் யாரோ ஒருவர் அதைக் கொண்டுவருகிறார், யாரோ எதிர்க்கிறார்கள், எவ்வளவு நிலைக்கும் என்பது அந்த இழுபறியில் முடிவாகிறது.

மறு ஆண்டு, 1955இல், பீட்டர் பிளாவின் ஆய்வு வெளிவந்தது. அவர் பார்த்ததில் ஒன்று அரசு வேலைவாய்ப்பு அலுவலகம். யார் எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஊழியர் வாரியாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். விளைவு? காலியிடம் பற்றிய தகவல் வந்தால் அதைப் பொதுவில் வைக்காமல் சிலர் தங்களிடமே ஒளித்துக்கொண்டார்கள், தன்னிடம் வரும் ஆளுக்குக் கொடுத்து எண்ணிக்கை ஏற்றலாமே என்று. போட்டி கடுமையாக இருந்த பிரிவைவிட, ஊழியர்கள் பேசி வைத்துக்கொண்டு தகவலைப் பகிர்ந்த பிரிவு மொத்தத்தில் அதிகம் சாதித்தது. இலக்கு எண்களை வைத்து ஆட்களை ஓட்டும் எந்த விற்பனைப் பிரிவுக்கும் இதை அப்படியே எடுத்துப்போகலாம். பிளாவ் இன்னொன்றையும் பார்த்தார். சந்தேகம் வந்தால் மேலதிகாரியிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்று விதி இருந்த ஒரு மத்திய அரசு முகமையில், புலனாய்வாளர்கள் தங்களுக்குள்ளேயே ஆலோசித்தார்கள். மேலதிகாரியிடம் கேட்டால் திறமை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார் அல்லவா. இங்கே விதிமீறல்தான் வேலையின் தரத்தைக் காப்பாற்றியது.

பிரெஞ்சுக்காரர் மிஷெல் குரோசியே 1963இல் வெளியிட்டது இவற்றுக்கெல்லாம் அடுத்த படி. அரசு ஏகபோகத்தில் இருந்த புகையிலை ஆலைகள். அங்கே விதியில் இல்லாத விஷயமே கிடையாது. யார் எந்த வேலைக்கு, எந்த மூப்பு வரிசையில், எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் எழுத முடியாதது: இயந்திரம் எப்போது பழுதாகும் என்பது. அதனால் பராமரிப்புத் தொழிலாளர்கள் கையில் அந்த ஆலையின் உண்மையான அதிகாரம் போய்ச் சேர்ந்தது. இயந்திர வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் ஆலைகளிலிருந்து காணாமல் போயிருந்தன. அறிவு முழுக்க அவர்கள் தலைக்குள், வாய்வழியாக மட்டும். இயந்திரத்தை இயக்குபவர் சின்னத் திருகைக்கூடத் தானே சரிசெய்யக் கூடாது. படிநிலையில் அவர்களுக்கு மேலே இருந்தவர்களும் அவர்களை அனுசரித்தே போக வேண்டியிருந்தது.

ஒரு அமைப்பில் யாருக்கு அதிகாரம் என்று தெரிய வேண்டுமா? பதவி வரைபடத்தை விட்டுவிட்டு, எதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, அந்த விஷயம் யார் கையில் என்று பாருங்கள். குரோசியேயின் இந்த ஒரு வரி எத்தனையோ மேலாண்மை நூல்களுக்குச் சமம். நிறுவனத்தின் பழைய மென்பொருளைப் புரிந்த ஒரே ஆள் எப்படி எல்லோரையும் காக்க வைக்கிறார் என்பதற்கும் இதுதான் விளக்கம்.

அதே காலத்தில் வேறொரு கூட்டம் ‘எந்தச் சூழலுக்கு எந்த அமைப்பு’ என்று கேட்டது. ஸ்காட்லாந்தின் மின்னணு நிறுவனங்களைப் பார்த்த பர்ன்ஸும் ஸ்டாக்கரும் 1961இல், நிலையான சந்தைக்கு விறைப்பான அமைப்பும் வேகமாக மாறும் தொழில்நுட்பத்துக்கு நெகிழ்வான அமைப்பும் பொருந்தும் என்றார்கள். மின்ட்ஸ்பர்க் 1979இல் இயந்திர அதிகாரத்துவத்தையும் தொழில்முறை அதிகாரத்துவத்தையும் பிரித்துக் காட்டினார். மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அது மேலிருந்து வரும் ஆணையால் வந்ததல்ல. பல ஆண்டுப் பயிற்சியில் ஆட்களின் கைக்குள்ளேயே பதிந்த ஒழுங்கு. பரீட்சையில் இவை கட்டாயம் வரும். படிக்க ரொம்ப நேரம் ஆகாது.

அதிகாரத்துவம் தேவையில்லாமல் பெருகுகிறது என்பவர்களின் தாக்குதல் தனி ரகம். வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955இல் நையாண்டியாக எழுதினார்: 1914க்கும் 1928க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62லிருந்து 20 ஆகக் குறைந்தன, தலைமையக அதிகாரிகளோ 2,000லிருந்து 3,569 ஆகப் பெருகினார்கள். பொருளாதார வல்லுநர் நிஸ்கானன் 1971இல் இதையே கணிதமாக்கினார். அதிகாரி தன் துறையின் பட்ஜெட்டைப் பெருக்கத்தான் பார்ப்பார் என்றார். அழகான மாதிரி, ஆனால் ஆட்களை நேரில் போய்ப் பார்க்காமல் எழுதியது அப்படியே தெரிகிறது. பட்ஜெட் பெருகினால் உயர் அதிகாரிக்குத் தனிப்பட்ட லாபம் பெரிதாக இல்லை, சுவாரசியமான வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே தள்ளத்தான் அவர் விரும்புவார் என்று டன்லீவி பின்னால் மறுத்தார். அது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. இன்னொரு பக்கம், எவன்ஸும் ரவுச்சும் 35 வளரும் நாடுகளை ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி பார்த்து ஆளெடுத்து நிலையான பணிவாழ்வு கொடுத்த நாடுகள் பொருளாதாரத்திலும் வேகமாக வளர்ந்திருந்தன. கிழவர் வெபர் அவ்வளவு சுலபத்தில் தோற்பவர் இல்லை.

‘அப்படியானால் விதியே இல்லாமல் நடத்தினால் என்ன?’ இது அடிக்கடி வரும் கேள்வி. 1970களின் தொடக்கத்தில் ஜோ ஃப்ரீமன் தன் சொந்தப் பெண்ணிய இயக்கக் குழுக்களை வைத்தே பதில் எழுதினார். தலைவர் இல்லை, விதி இல்லை என்று அறிவித்த குழுக்களில் முடிவுகளை எடுத்தது ஏற்கெனவே சிநேகிதமாக இருந்த சிலர். அவர்களைத் தேர்ந்தெடுத்தது யாருமில்லை என்பதால் நீக்கவும் முடியவில்லை. படிநிலையே இல்லை என்று பெருமைப்படும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதியவருக்கு இது உடனே புரியும்.

பால் ஆட்லர் காட்டிய வழி இதைவிட உருப்படியானது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கார் ஆலை, டொயோட்டாவுடன் கூட்டாக 1984இல் திறந்தது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். முன்பு வேலைக்கு வராதவர்களின் விகிதம் 20 சதவீதத்தைத் தொட்டது; புது ஆலையில் 3, 4 சதவீதம்தான். இத்தனைக்கும் விதிகள் குறையவில்லை, ஒவ்வொரு கையசைவும் நொடிக் கணக்கில் எழுதியிருந்தது. வித்தியாசம் என்னவென்றால் கடிகாரம் தொழிலாளர்கள் கையில் இருந்தது. வேலைமுறையைக் குழுவே அளந்தது, எழுதியது, குறை தெரிந்தால் திருத்தியது. இதை வைத்து ஆட்லரும் போரிஸும் 1996இல் கைகொடுக்கும் அதிகாரத்துவம், கட்டிப்போடும் அதிகாரத்துவம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். விதி உடைந்தால் அதைப் பயன்படுத்துபவரே பழுதுபார்க்கலாமா, அது ஏன் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, தேவைப்பட்டால் விலகிப் போக இடமுண்டா என்பவை அவர்களின் உரைகற்கள். கௌல்ட்னரின் பாதுகாப்பு விதிகளை நன்றாக வளர்த்தெடுத்தால் இங்கே வந்து சேரலாம்.

இன்றைய நிலைமைக்கு வந்தால், லிப்ஸ்கி 1980இல் எழுதியதைத் தொடாமல் முடியாது. ஆசிரியர், போலீஸ்காரர், நலத்திட்ட ஊழியர் போன்ற நேரடியாக மக்களைச் சந்திக்கும் ஊழியர்களிடம் எப்போதும் நேரமும் பணமும் குறைவு, ஆட்கள் அதிகம். யாரைக் காக்க வைப்பது, யாருக்கு விளக்கிச் சொல்வது என்று அவர்கள் தினமும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளின் கூட்டுத்தொகைதான் உண்மையான கொள்கை என்றார். அந்த ஊழியரின் இடத்தை இப்போது மென்பொருள் எடுத்துக்கொண்டு வருகிறது. நெதர்லாந்தின் மாணவர் உதவித்தொகை, போக்குவரத்து அபராதம் ஆகியவற்றைப் பார்த்த போவன்ஸும் சோரிடிஸும் 2002இலேயே சொல்லிவிட்டார்கள்: தானே யோசித்து முடிவெடுக்கும் விருப்புரிமை மறையவில்லை, சட்டத்தை நிரலாக மாற்றுகிறவரின் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது.

அதே நாட்டில் பின்னால் வெடித்தது குழந்தைப் பராமரிப்பு மானிய விவகாரம். படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனது போன்ற சிறு குறைக்குக்கூட, வாங்கிய மானியம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். யாரைச் சந்தேகிப்பது என்று கணித்த மென்பொருள், டச்சுக் குடியுரிமை இல்லாததையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. மென்பொருளை மட்டும் குற்றம் சொன்னால் போதாது. ‘முழுதாகக் கொடு அல்லது முழுதாகப் பிடுங்கு’ என்று சட்டத்தை வாசித்தது மனிதர்கள், அதை நீதிமன்றமும் பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டது. மெர்ட்டனின் அதிகாரி அங்கே இருந்தார். லிப்ஸ்கியின் ஊழியர், ‘இது சும்மா விட்டுப்போன கையெழுத்து’ என்று சொல்லக்கூடியவர், பல இடங்களில் இல்லை. இருந்த இடத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை.

நீங்கள் இதைத் தாளில் எழுத வேண்டியிருந்தால், எல்லாக் கோட்பாட்டாளர்களையும் வரிசைப்படுத்துவதை விட்டுவிட்டு, தெரிந்த நிறுவனத்தின் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். விடுப்பு விதியாக இருக்கலாம், கொள்முதல் விதியாக இருக்கலாம். யார் எழுதியது, மீறினால் யாருக்குக் கோபம் வருகிறது, அதைத் திருத்த யாருக்கு உரிமை, அது எட்டாத இடம் யார் கையில் என்று நாலு பக்கம் எழுதினால் கௌல்ட்னரும் ஆட்லரும் குரோசியேயும் தாமாகவே உள்ளே வந்துவிடுவார்கள்.